அண்ணாச்சி, ஸ்டியரிங்ல இருந்து கைய எடுங்க

1
மொதல்லயே சொல்லிருதேன், எங்கிட்ட காரு கெடையாது. சீவலப்பேரி டவுன் பஸ்ல, முன்சீட்டுல ஒருத்தரு வளைவு வரும்போதெல்லாம் வெறுங்காத்துல ஸ்டியரிங் திருப்பிட்டே வந்தாரு. அவர எறங்க விட மனசில்லாம கதைக்குள்ள ஏத்திட்டேன். பேரு அப்பாத்துரை. டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்காரு.

2
அதிகாலைக் கதிரவனின் பொன்னொளியில் தஸ்மியா தன் (சே, இப்டி யாரு பேசுதா?)

தஸ்மியா வண்ணார்பேட்டையில புதுசா கார் பட்டறை போட்டிருக்கா. அப்பாத்துரை அண்ணாச்சியோட பெரிய காருதான் மொத வேலை. ஆக்டிவ் ஸ்டியரிங். நாம திருப்புறது போக அதுவும் கொஞ்சம் திருப்பிக்கிடும். ரிப்பேர் பாத்து மாட்டியாச்சு. ஆனா கழட்டுனதுல, 'நேர்'னா எதுன்னு கம்ப்யூட்டருக்கு மறந்துபோச்சு. சோதிக்கிற ஸ்கேனர மாட்டி, அதுல பச்சைக்கோடு நெறையிற வரைக்கும் நேரான ரோட்டுல ஆடாம ஓட்டிக் காட்டணும். இன்னைக்குச் சரியாவலன்னா காரு மதுரையில பெரிய பட்டறைக்குப் போயிரும். 'அந்தப் பிள்ளைக்கு வேலை தெரியல'ங்கிற பேச்சு மட்டும் வண்ணார்பேட்டையில தங்கிரும்.

3
(சீவலப்பேரி ரோட்டுல அம்புட்டு நேரான எடம் எங்கன இருக்குன்னு கேக்காதிய. கதைக்காக நான்தான் நிமித்தி விட்டேன்.)

தஸ்மியா ஓட்டுதா. 'என் காரு, நானும் வருவேன்'னு அண்ணாச்சி இடது சீட்டுல. ஸ்கேனர்ல பச்சைக்கோடு பைய ஏறுது. இடப்பக்கமிருந்து ஒரு கை வந்து ஸ்டியரிங்க லேசா இழுத்துச்சு. கோடு அழிஞ்சுபோச்சு.

"அண்ணாச்சி, கைய எடுங்க."

"நான் எங்க பிள்ள தொட்டேன்?"

"பின்ன ஸ்கேனரா தொட்டுச்சு?"

"எத்தன பேர வாய்க்கால்ல விழாம காப்பாத்துன கை தெரியுமா. அது எங்கிட்ட கேட்டுட்டா போவுது?"

மறுபடியும் ஓட்டுனா. மறுபடியும் கை.

4
பின்சீட்டுல உக்கார வச்சு எழுதிப் பாத்தேன். ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தலையும் கையும் சேந்து வந்துச்சு. எழுதுனத அடிச்சாச்சு. அவரையே ஓட்டச் சொன்னேன். மனுசன் ஆயுசு பூரா அடுத்தவன் ஓட்டுறதத்தான் திருத்திருக்காரு, நேரா வயலுக்குள்ள எறக்கிட்டாரு. அதையும் அடிச்சாச்சு. சரி, விறுவிறுப்பா இருக்கட்டும்னு ரோட்டுல ஒரு வெள்ளாட்டக் குறுக்க விட்டேன்.

தஸ்மியா வண்டிய நிறுத்திட்டு என்னப் பாத்தா.

"நீயும் கைய எடுலே. நான்தான ஓட்டுதேன்?"

ஆட்ட அழிச்சிட்டேன்.

5
அவளே ஸ்கேனரத் தூக்கி அண்ணாச்சிகிட்ட குடுத்தா. "ரெண்டு கையாலயும் பிடிங்க. கீழ விழுந்தா நான் தீந்தேன்."

"இந்தக் கோடு நெறஞ்சா சரியாயிருமா?"

"ஆயிரும். அத மட்டும் பாத்துட்டு வாங்க."

பாதி. முக்கால். ரோடு காலியாக் கெடக்கு. காரு நூல் பிடிச்ச மாதிரி போவுது. அண்ணாச்சி தலைய நிமித்தி ரோட்டப் பாத்தாரு. வலது கைவெரலு ஒண்ணொண்ணா ஸ்கேனர விட்டுப் பிரியுது, அவருக்கே தெரியாம.

எனக்குக் கை பரபரங்குது. ஒரு வரி போட்டா அந்தக் கை எறங்கிரும். ஆனா அவ சொல்லிட்டாள்லா. நானும் கைய எடுத்துட்டேன்.

பின்சீட்டு காலியாத்தான் இருக்கு, ஏறிக்கிடுங்க. எட்டி அந்தக் கையப் பிடிப்பியளோ, சும்மா இருப்பியளோ, உங்க பாடு. கோடு இன்னும் ஏறிட்டுதான் இருக்கு.