அக்கா கடை எது?

இந்த ஊரில் நல்ல சாப்பாடு பெரிய தெருவில் கிடைக்காது. பெரிய தெருவில் கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் இருக்கும், தட்டில் கொஞ்சமாக ஏதோ இருக்கும். விவரம் தெரிந்தவர்கள் சந்துக்குள் நுழைந்துவிடுவார்கள். பையில் சில்லறை மட்டும் வைத்திருப்பவனும் அங்கே வயிறு நிறைந்து எழுந்திருப்பான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பஞ்சர் ஒட்டும் கடையை ஒட்டி அப்படி ஓர் இடம் உண்டு. தகரக் கூரை, சில பெஞ்சுகள், வாசலில் கை கழுவ ஒரு டிரம். போர்டு கிடையாது. எல்லாரும் அதை ‘அக்கா கடை’ என்பார்கள். அந்தப் பேர் வந்தது கடைக்காரியின் ஓரகத்தியால். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து கடை நடத்திய காலத்தில், தம்பி மனைவி மூச்சுக்கு ஒரு தடவை “அக்கா, உப்பு பாருங்க”, “அக்கா, ரொட்டி தீர்ந்துடுச்சு” என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அதைக் கேட்டுக் கேட்டு, அப்பா வயதுள்ள டிரைவர்கள்கூட மூத்தவளை அக்கா என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

பிறகு தம்பி தனியாகப் போனான். அச்சாபீஸுக்குப் பின்னால் ஜன்னல் அளவில் ஓர் இடம் பிடித்து, கணவனும் மனைவியும் சமைக்க ஆரம்பித்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. மூத்தவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

“அக்கா, அங்க கோழிக் குழம்பு சாப்பிட்டேன். அடடா!” என்பான் பஞ்சர்க்காரன், வேண்டுமென்றே.

“வாய்க்கு ருசியா இருக்கும். வயித்துக்குள்ள போனாத்தான் தெரியும்.”

“வயித்துக்குள்ள போய் நேத்தோட ரெண்டு நாளாச்சு. நல்லாத்தான் இருக்கேன்.”

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கணவனை அனுப்பி ஒரு பார்சல் வாங்கிவரச் சொன்னாள். தானே தின்றுபார்க்க மானம் இடம் கொடுக்கவில்லை. அவரைச் சாப்பிடச் சொல்லி எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்தாள்.

“எப்படி இருக்கு?”

“பரவாயில்லை,” என்றார் அவர், டப்பாவின் அடியை ரொட்டியால் துடைத்தபடி.

“பரவாயில்லாததை யாராவது இப்படி வழிச்சுத் திம்பாங்களா?”

“வீணாக்கக் கூடாதுன்னு நீதானேம்மா சொல்லுவே.”

அன்று அவள் கண்ணை மூடி உட்கார்ந்து பிரார்த்தனை செய்தாள். அவள் கெட்டவள் இல்லை. அதனால் அளந்துதான் கேட்டாள். “கடவுளே, அவளுக்கு நோய்நொடி வேண்டாம். பிள்ளைகள் நல்லா இருக்கட்டும். கூட்டத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சிடு.” நாமெல்லாம் இப்படிக் கேட்டவர்கள்தான். கேட்டதைக் கொடுக்காமல் இருப்பதே பல நேரம் அவன் செய்யும் கருணை.

அந்தச் சமயத்தில் ஊர் ஊராகப் போய் மலிவான சாப்பாட்டுக் கடைகளைப் படம் எடுக்கும் ஒருவர் இளையவளின் கடைக்கு வந்தார். வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. மூத்தவள் மட்டும் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பாருக்கா, உன் ஓரகத்தி அக்கா கடை, அக்கா கடைன்னு எத்தனை தடவை சொல்றா!” என்றான் பஞ்சர்க்காரன்.

அவள் கரண்டியைப் பானையில் ணங்கென்று போட்டாள். ஓரகத்தி கைப்பக்குவத்தை எடுத்துக்கொண்டு போனாள், டிரைவர்களை எடுத்துக்கொண்டு போனாள். இப்போது பேரையும் எடுத்துக்கொண்டாளா!

அந்த வார இறுதியிலேயே வெளியூர் முகங்கள் சந்துக்குள் எட்டிப் பார்த்தன. “அக்கா கடை இதுதானே?”

வழி தவறி வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு நொடி தயங்கினாள். பிறகு, “இதுதான், உள்ள வாங்க,” என்றாள்.

அன்றைக்கு அவள் கை பறந்தது. ஓரகத்தியின் கூட்டம் தன் பெஞ்சில் உட்கார்ந்து தன் குழம்பைச் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க, உள்ளே ஏதோ குளிர்ந்தது. மறுநாளும் வந்தார்கள். ஒரு தம்பதி வாசலில் நின்று, “அச்சாபீஸுக்குப் பின்னாடி இன்னொரு கடை இருக்காமே, அது எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள்.

“அதுவா? மூடியாச்சு,” என்றாள் அவள். பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. அடுத்தவர் கேட்டபோது இன்னும் சுலபமாக வந்தது.

சில நாட்கள் கழித்து ஒரு நர்ஸ் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபடி, “உங்க தங்கச்சி சொன்னது சரியாப் போச்சு,” என்றாள்.

“எனக்கு ஏதும்மா தங்கச்சி?”

“வீடியோல பேசுறாங்களே, அவங்க உங்களை அக்கான்னு தானே சொல்றாங்க?” நர்ஸ் போனை நீட்டினாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்ப முடியவில்லை.

இளையவள் அடுப்பங்கரையில் நின்று, வெட்கத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். “என் கடையில இடம் கம்மிங்க. நிக்க வேண்டாம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி அக்கா கடைக்குப் போங்க. எனக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அக்காதான். அக்கா கடைன்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க.”

ஒருவரும் வழி தவறி வரவில்லை. எல்லாரும் அனுப்பப்பட்டு வந்தவர்கள்.

மூத்தவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். ‘இதிலயும் அவளே முந்திக்கிட்டாளா!’ திருடியதாக நினைத்து மகிழ்ந்ததெல்லாம் தானமாக வந்தது என்று தெரிந்தால் யாருக்குத்தான் எரியாது? போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பை முறைத்தாள்.

அப்போது பஞ்சர்க்காரன் தலையை நீட்டினான். முகத்தில் கிண்டல் இல்லை. “அக்கா, உன் ஓரகத்தி கடையை மூடிட்டாங்களாமே? ஸ்டாண்டு பூரா அதான் பேச்சு. டிரைவர்ங்ககூட அந்தப் பக்கம் போறதில்லையாம்.”

கரண்டி அவள் கையிலேயே நின்றது. கடவுளிடம் கேட்டது கிடைத்துவிட்டது. கொடுத்தது கடவுள் இல்லை, தன் நாக்கு. அந்த ஜன்னல் அடுப்பில்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளின் சோறு வேகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“என்னங்க, இதைப் பாத்துக்கோங்க,” என்று கணவனிடம் கரண்டியைத் திணித்தாள்.

“கூட்டத்தை விட்டுட்டு எங்க போறே?”

“பொய்யைத் திருப்பி வாங்கப் போறேன்.”

அச்சாபீஸுக்குப் பின்னால் இளையவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கணவன் வேறு வேலை கேட்டு வெளியே போயிருந்தான். பானைகள் மூடி திறக்காமல் இருந்தன.

“அக்கா! வாங்க. சாப்பிட்டீங்களா?”

“உன் கடை மூடியாச்சுன்னு சொன்னது நான்தான்.” உட்காராமலே சொல்லிவிட்டாள்.

இளையவள் அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள். “தெரியும்க்கா. ஒரு டிரைவர் வந்து சொன்னார்.”

“தெரிஞ்சும் ஏண்டி வந்து கேக்கல?”

“கேட்டா நீங்க இல்லைன்னு சொல்லிடுவீங்க. அப்புறம் ரெண்டு பொய்யாயிடும்.” சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. “வருத்தமா இல்லைன்னு சொல்ல மாட்டேன்க்கா. ராத்திரி பூரா அழுதேன்.”

மூத்தவள் அடுப்பருகே போனாள். பானையைத் திறந்தாள். வாசனை முகத்தில் அடித்தது. ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். கணவன் டப்பாவை வழித்ததில் தப்பே இல்லை.

“இப்படி ஒரு குழம்பு வச்சுட்டு ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கியா? அந்தப் பக்கம் பிடி.”

“எங்க போறோம்க்கா?”

“சூடு ஆறுறதுக்குள்ள பிடிடி!”

பானையின் இரு காதுகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, அச்சாபீஸ் சந்தைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைக் குறுக்கே கடந்து வந்தார்கள். வழியில் பேசவில்லை. தளும்பும்போது மட்டும் “மெதுவா” என்றாள் ஒருத்தி, “சரிக்கா” என்றாள் மற்றவள்.

மூத்தவள் கடை நடுவில் நின்று குரலை உயர்த்தினாள். “எல்லாரும் கேளுங்க. அச்சாபீஸ் பின்னாடி இருக்கிற கடை மூடலை. மூடியாச்சுன்னு நான் சொன்னது பொய். இது அந்தக் கடைக் குழம்பு. இன்னைக்கு ருசி பாருங்க. நாளையிலிருந்து அங்க போய்ச் சாப்பிடுங்க.”

பஞ்சர்க்காரன்தான் முதலில் தட்டை நீட்டினான். பிறகு ஒவ்வொருவராக நீட்டினார்கள். மூத்தவளுடைய குழம்பைப் பாதி சாப்பிட்டிருந்த ஒரு லாரி டிரைவர் புதுக் குழம்பை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். தட்டில் இருந்த முதல் குழம்பை ஓரமாக ஒதுக்கினார்.

“அக்கா, இதுல இன்னும் கொஞ்சம்.”

“எதுல?” என்று கேட்டாள் மூத்தவள், தெரிந்தும்.

“அவங்க கொண்டுவந்ததுல.”

அவள் முகம் சுருங்கியது. பக்கத்தில் இளையவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டியைப் பானையின் அடிவரை விட்டாள். பெரிய துண்டாகப் பார்த்துத் தேடி எடுத்து, அவர் தட்டில் போட்டாள்.