பேரம் பேசாத வயல்

ஷார்ஜா விமான நிலையத்தில் பதினாறு வருஷம் பெட்டி ஏற்றி இறக்கிய ஜெகபர் அலிக்கு, நாற்பத்திரண்டாம் வயதில், பெட்டிக்குப் பதிலாகத் தானே மேலே போனால் என்ன என்று தோன்றியது. மன்னார்குடி நெல் வியாபாரி வீட்டுப் பிள்ளை. மனசில் பட்டதை விடுகிற ரத்தம் இல்லை. ஊர் திரும்பியதும் திருச்சிப் பக்கம் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். அவருக்கு வாய்த்த வாத்தியார் ஜாஸ்லினுக்கு வயது இருபத்தேழு.

எல்லாம் வந்தது, ஒன்றுதான் வரவில்லை. நடுவானில் ஜாஸ்லின் விசையைக் குறைத்து, "இன்ஜின் போச்சு, இறக்குங்க" என்பாள். கீழே ஒரு வயலைப் பார்த்து அதை நோக்கிச் சறுக்கி வர வேண்டும். ஐந்நூறு அடியில் அவளே விசையைக் கூட்டி மேலேற்றிவிடுவாள். அலியோ முதல் கடையில் சேலை எடுக்காத பரம்பரை. பாதி வழியில் பக்கத்து வயல் இன்னும் நீளமாகத் தெரியும், அதற்குத் திரும்புவார். அதற்குள் உயரம் கரைந்து, எதிரே தென்னந்தோப்பு வந்து நிற்கும்.

"ரெண்டு தடவை செத்துட்டீங்க சார்," என்றாள் ஜாஸ்லின் அன்று காலையில். "இன்னைக்கும் வயல்கிட்ட பேரம் பேசினீங்கன்னா, தனியா ஓட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற வேலை பாத்துக்குங்க."

"இதான் கடைசி வார்த்தையா மேடம்?"

"பாத்தீங்களா, இதுலயும் பேரம்!"

பூதலூருக்கு மேலே விசையைக் குறைத்தாள். அலி கீழே பார்த்தார். சம்பா அறுத்த வயல் ஒன்று, குறுக்கே வரப்பில்லாமல் நீளமாகக் கிடந்தது. தாளுக்கிடையே உளுந்து அப்போதுதான் இலை விட்டிருந்தது. விமானத்தின் மூக்கை அதற்கு நேரே வைத்தார்.

"அந்தப் பச்சையைப் பாருங்க சார், பாய் விரிச்ச மாதிரி. அது நல்லாயில்ல?" என்று ஆசை காட்டினாள் ஜாஸ்லின்.

"அது இன்னும் அறுக்காத தாளடி நெல்லு மேடம். அடியில தண்ணி நிக்குது, சக்கரம் பட்டா குப்புறத் தள்ளிரும். இது தண்ணிய வடிச்சு அறுத்த வயல். விலை முடிஞ்சாச்சு."

ஐந்நூறு அடி. ஜாஸ்லின் விசையைத் தள்ளினாள். இன்ஜின் ஒருமுறை கனைத்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"நிஜமாவே போச்சு. நீங்க அதே வயலுக்குப் போய்க்கிட்டே இருங்க," என்றாள்.

சந்தையில் பிறந்து விமானத் தளத்தில் வளர்ந்த காது அப்படியொரு அமைதியைக் கேட்டதே இல்லை. இறக்கையைத் தடவிப் போகும் காற்று மட்டும். காவேரி வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வெயிலில் மின்ன, அத்தனை பூமியும் அவரை நோக்கி மெல்ல எழுந்து வந்தது. விழுகிறோம் என்றே தோன்றவில்லை. இத்தனை கனத் தகரத்தை, கண்ணில் படாத ஏதோ ஒன்று, கூலி கேட்காமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு இறங்கியது.

வலப்பக்கம் இன்னும் நீளமான வயல் ஒன்று தெரிந்தது. பார்க்காதது போல இருந்துவிட்டார்.

சக்கரம் தொட்டது, குதித்தது, தாள் சரசரக்க ஓடி, வரப்புக்கு நாலு முழம் முன்னால் நின்றது.

"நல்லா இறக்கிட்டீங்க மேடம்," என்றார் அலி, பெல்ட்டை அவிழ்த்தபடி.

"நானா? இன்ஜினைக் கிளப்ப ஒரு கை சாவியில, ஒரு கை ரேடியோவுல. மூணாவது கை கர்த்தர் எனக்குக் குடுக்கலையே!"

வயல்காரர் கோவிந்தராசு ஓடி வந்தார். உளுந்துக்குச் சண்டை வரும் என்று அலி தயாரானார். அவரோ தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். "சத்தமே இல்லீங்களே. கொக்கு எறங்குன மாதிரில்ல இருந்துச்சு!"

ஜாஸ்லின் அலியின் பதிவுப் புத்தகத்தை எடுத்தாள். மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. இரண்டு மாதமாகக் காத்திருந்த அந்தக் கையெழுத்தை அலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்களைச் சுமந்து வந்த வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.