கதவைப் பூட்டச் சொன்னவர் ஹாக்லண்ட்

கனடா எல்லையை ஒட்டிய எங்கள் மாநிலத்தின் சட்டசபையில் முப்பத்தொரு வருஷம் நான்தான் வாசற்காவலன். சாவி என் இடுப்பில். கவர்னரே என்னைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார். பாதிதான் கழற்றுவார் என்பாள் என் மனைவி, அவளை விடுங்கள்.

பெண்ணை நேசிக்கும் பெண்ணையும் ஆணை நேசிக்கும் ஆணையும் அதற்காக வேலையைவிட்டோ வீட்டைவிட்டோ துரத்தக் கூடாது. இந்த ஒரே மசோதாவை உறுப்பினர் மார்லிஸ் ட்வெய்ட் பதினெட்டு வருஷம் கொண்டுவந்து, பதினெட்டு வருஷமும் தோற்றார். அவருடைய துணைவி கார்லா பள்ளிக்கூட டீச்சர் வேலையை இழந்தது மார்லிஸை நேசித்ததால்தான். அடுத்த தேர்தலில் மார்லிஸ் நிற்கவில்லை. கடைசி வாய்ப்பு. அறுபத்தெட்டு ஓட்டு வேண்டும், கையில் அறுபத்தேழு.

எதிரணித் தலைவர் ஹாக்லண்டுக்குச் சும்மா ஜெயித்தால் போதவில்லை.

"எங்காளு ஒருத்தன் பாக்கியில்லாம எதிர்த்துப் போடணும். இந்தம்மா இனி கனவுலகூட இதை எடுக்கக் கூடாது. கதவைப் பூட்டுங்கய்யா!"

ஓர் உறுப்பினர் அப்படிக் கேட்டுவிட்டால் வராதவரை நான் பிடித்து வரும்வரை யாரும் வெளியே போக முடியாது. வராதவர் ஒருவர்தான்: ஹாக்லண்ட் கட்சியின் பால்பண்ணைக்காரர் ஓரின் ஸ்கோலன். பூட்டினேன், கிளம்பினேன்.

உறைந்த ஏரியின் நடுவே, தகரக் கொட்டகையில், பனியில் ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். குளிரா? என் மீசை ஒடிந்து மடியில் விழுந்தது!

"போய்யா, காணோம்னு சொல்லிடு."

"நூத்திமுப்பத்துமூணு பேரு உனக்காக ஒண்ணுக்கு அடக்கிட்டு உக்காந்திருக்கான். எந்திரி."

காரில் முணுமுணுத்தார். "என் பால் மசோதா பன்னெண்டுக்கும் அந்த மார்லிஸ் ஓட்டுப் போட்டாய்யா. பதிலுக்கு ஒரு காப்பிகூடக் கேக்கல. வேண்டாம்னு நான் பொத்தானை அமுக்கினா, அவ என்னைத் திட்டவும் மாட்டா. அதான் ஓடினேன்."

"இப்ப?"

"இப்ப ஓட எடமில்ல. எல்லாம் அந்த ஹாக்லண்ட் பண்ண வேலை."

மீன் வாடையோடு போய் உட்கார்ந்தார். அமுக்கினார். பலகையில் அவர் பெயருக்கு நேரே பச்சை விளக்கு. அறுபத்தெட்டு! ஹாக்லண்டின் முகம் பீட்ரூட்டுக்குப் பாடம் எடுத்தது. எழுந்த கைதட்டலில் கனடாவில் மாடுகள் மிரண்டன.

பூட்டைத் திறக்கச் சபாநாயகர் உத்தரவிட வேண்டும். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்லா நின்றாள். முப்பத்தொரு வருஷத்தில், உத்தரவுக்கு முன்னால் நான் கதவைத் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

"லேட்டாயிடுச்சு, டீச்சர்," என்றார் உள்ளே நின்ற மார்லிஸ்.

"பதினெட்டு வருஷம் லேட்டு," என்றாள் கார்லா, வகுப்பு வாசலில் நிற்கும் பிள்ளையிடம் சொல்வதுபோல். "பரவால்ல, உள்ள வா."

உள்ளே வந்தது என்னவோ அவள்தான்.