முதல் மிதி

பம்பர் கணவனின் முழங்காலை வாசல் இரும்புக் கதவோடு சேர்த்து நெருக்கிய பிறகுதான் கார் நின்றது. நிறுத்தியது பிரேக் அல்ல. என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே அவள் இழுத்த ஹேண்ட் பிரேக்.

தாழ்ப்பாளைத் திறக்கப் போனவன் கத்தவில்லை. காலை மெல்ல உருவிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவள் ஓடி வந்து குனிந்தபோது அண்ணாந்து பார்த்து ஒன்றே ஒன்று சொன்னான்.

"என்னையே பாத்துட்டு வந்த."

அதற்குச் சற்று முன்புதான் அடுக்களையில் பெரிய சண்டை. வேலை மாற்றத்துக்கு அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி சொல்லிவிட்டு வந்திருந்தான். நீங்க இல்லாம இருந்தாலே நான் நிம்மதியா இருப்பேன் என்று அவள் சொல்லியிருந்தாள். கோபத்தில் யாரும் சொல்வதுதான். ஆனால் சொன்ன வாயின் சூடு ஆறுவதற்குள் கார் அவன்மேல் போய்விட்டது.

பிரேக்கை மிதித்தேன், பிடிக்கவில்லை என்று அன்றே சொல்லிவிட்டாள். அவன் தலையசைத்தான். நம்புகிறவன் தலையசைப்பு அப்படி இருக்காது. அதற்குப் பிறகு காரின் முன்பக்கமாக அவன் நடக்கவே இல்லை. நொண்டிக்கொண்டே பின்பக்கம் சுற்றிப் போனான். காலை நீட்ட வசதி என்று சொல்லிக் கூடத்து சோஃபாவில் படுத்தான்.

பாத்திரம் துலக்கும்போது தன் வலது கால் தானாகத் தரையை அழுத்துவதை அவள் கவனித்தாள். மிதித்தேனா? மிதித்ததாக நினைத்துக்கொண்டேனா? அந்தக் கணத்தை எத்தனை முறை இழுத்து வந்து பார்த்தாலும் கண்ணாடிக்கு அப்பால் அவன் முகம்தான் தெரிந்தது. கால் தெரியவில்லை. தன் கால் செய்ததற்குத் தன்னாலேயே சாட்சி சொல்ல முடியவில்லை என்பது அவளுக்குப் பெரிய திகிலாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் தம்பி வந்தான். கார் மெக்கானிக். முந்தின வாரம் இதே முற்றத்தில் முன்சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் காலிப்பர் மாட்டிக் கொடுத்தவன் அவன்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவேன் என்று அன்று பேச்சும் சிரிப்புமாக வேலை பார்த்தான். அதற்குப் பிறகு முதன்முதலாக வண்டியை எடுத்தது விபத்தன்றுதான்.

"என்னக்கா, வாயால திட்டிப் பாத்துட்டு இப்ப வண்டியவே ஏவி விட்டுட்டியா?"

யாரும் சிரிக்கவில்லை. அவனும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

கார் கதவைத் திறந்து பெடலை மளமளவென்று நாலைந்து தடவை மிதித்தான். கல்லு மாதிரி இருக்கு, மாட்டின அன்னைக்கும் இப்படித்தான் பாத்தேன் என்றான். கணவன் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். பயத்துக்கு நடுவிலேயே அவளுக்கு ஒன்று உறைத்தது. அன்று வாசல் கதவருகே அவள் நாலைந்து தடவை மிதிக்கவில்லை. வண்டி ஓட்டுகிற யார் அப்படி மிதிக்கிறார்கள்?

"கொஞ்ச நேரம் விட்டுட்டு ஒரே ஒரு தடவை மிதி," என்றாள்.

தம்பி ஏதோ புரிந்தவன்போல இறங்கினான். "மாமா, நீங்களே உக்காந்து மிதிங்க."

கணவன் தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். பெடல் ஓயட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு மிதித்தான். கால் இறங்கியது, இறங்கிக்கொண்டே போய் காரின் தரையைத் தொட்டது. படி இருக்கிறதென்று நம்பி வெறுங்காற்றில் காலை வைத்தவனின் முகம் அவனுக்கு. சட்டென்று காலை எடுத்துக்கொண்டான். அவளைப் பார்க்கவில்லை.

பிரேக் ஆயில் குறையவில்லை, சக்கரங்களில் ஒழுகலும் இல்லை. அப்படியென்றால் உள்ளே காற்று இருக்கிறது என்றான் தம்பி. அவளை உட்கார்த்தி மிதித்துப் பிடிக்கச் சொல்லி, கீழே சக்கரத்தருகே காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் தளர்த்தினான். குழாய் வழியே பாட்டிலுக்குள் குமிழிகள் வந்தன. சக்கரம் சக்கரமாகச் செய்து குமிழியே வராமல் போன பிறகும் முதல் மிதி உள்ளேதான் போயிற்று. முன்சக்கரங்களுக்கு ஆயில் போகும் ஹோஸ் இரண்டையும் இடுக்கி போட்டு நெரித்துவிட்டு மிதிக்கச் சொன்னான். உடனே பெடல் விறைத்து நின்றது. ஒரு பக்கம் இடுக்கியை எடுத்தால் அமுங்கியது. மறுபக்கமும் அப்படியே. அப்படியானால் குறை முன்சக்கரங்களில்தான்.

தம்பி தரையில் படுத்து டார்ச் அடித்தான். எழுந்து உட்கார்ந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

"நிப்பிள் கீழ இருக்குக்கா."

அவளுக்குப் புரியவில்லை.

"காத்து மேலதான நிக்கும்? நிப்பிள் மேல இருந்தாத்தான் வெளிய வரும். நான் எடது காலிப்பரை வலதுலயும் வலதை எடதுலயும் மாட்டியிருக்கேன்." ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. "அடிச்சு அடிச்சு மிதிச்சா காத்து நசுங்கி பெடல் ஏறிடும். அதப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சாவியக் குடுத்துட்டேன். மாமா, உங்க கால..."

கணவன்தான் அவன் தோளில் கை வைத்து, எழுந்து வேலையைப் பாரு மாப்ள என்றான்.

கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினான். மறுபடி காற்றெடுத்தபோது பாட்டிலுக்குள் பொங்கி வந்த குமிழிகளை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் ஒரே ஒரு தடவை மிதித்தாள். பெடல் மேலேயே நின்றது. சற்று விட்டு மறுபடி. நின்றது.

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. மிதித்திருக்கிறேன் என்ற நிம்மதிக்குப் பின்னாலேயே வேறொன்று வந்தது. மிதிக்காமலும் இருந்திருப்பாள் என்று இவன் இத்தனை நாளும் எண்ணியிருக்கிறான். நானும்தானே எண்ணினேன்.

ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றான் தம்பி. அவள் எஞ்சினைக் கிளப்பினாள். யாரும் சொல்லாமலே கணவன் வாசலுக்கு நடந்தான், இந்த முறை காரின் முன்பக்கமாக. தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து, அடிபட்ட காலை முன்னால் வைத்து, அவளைப் பார்த்து நின்றான்.

"வா," என்றான்.

அவள் எஞ்சினை அணைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

"தள்ளி நில்லுங்க."

"இப்பதான் சரியாயிடுச்சே."

"பிரேக்குதான் சரியாச்சு," என்றாள். அவன் விலகினான். கதவை அவளே திறந்தாள்.