இருக்கையில் இருந்த மணல்மூட்டை

1956-ல் குந்தாரப்பள்ளி ஏரியோரம் கொட்டகை போட்டு, நானும் சென்னகிருஷ்ணனும் ஓர் ஆள் மட்டும் உட்காரும் விமானம் கட்டினோம். லாரி மெக்கானிக்கான எனக்கு இன்ஜின் வேலை, அவனுக்கு மரவேலை. சமநிலை பார்க்க அவன் எடைக்கு ஒரு மணல்மூட்டை கட்டி, இருக்கையின் இடுப்புப் பட்டை வழுக்காமலிருக்க அவன் சட்டையையே அதற்கு மாட்டி, இருக்கையில் வைத்துப் பூட்டினோம். பறக்குமுன் அவன் காய்ச்சலில் இறந்துபோனான்.

நான் ஓட்டிப் பார்க்கலாமென்று மூட்டையை அவிழ்க்கப் போனபோது அவன் மனைவி வெள்ளையம்மா தடுத்தாள்.

"அவரை இறக்கிட்டு நீங்க ஏறுவீங்களா நூரண்ணா?"

"அது மணலும்மா."

"உங்களுக்கு மணலு."

சரி, இன்ஜினையாவது ஓடவிட்டுப் பார்ப்போமென்று முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்றினேன். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்லை அவள் எடுத்துவிட்டது எனக்குத் தெரியாது. இன்ஜின் பிடித்ததும் விலகி விழுந்தேன். விமானம் காய்ந்த ஏரிக்குள் ஓடி, கரைக்கு மேலே எழும்பி, மறுபக்கம் மறைந்தது.

இருவரும் ஓடினோம். கேழ்வரகுக் கொல்லையில் அது சேதமில்லாமல் நின்றிருந்தது. பட்டை பூட்டியபடியே இருந்தது. மூட்டையைக் காணோம், சட்டையையும் காணோம். ஒரு பிடி மணல்கூடச் சிந்தியிருக்கவில்லை.

வெள்ளையம்மா முகத்தில் பயமே இல்லை.

"அவரு இறங்கிட்டாரு. இப்ப நீங்க ஏறுங்கண்ணா," என்றாள்.

பட்டையை அவிழ்க்க எனக்குக் கை எழவில்லை.