பத்தாவது பாஸ்போர்ட்

பேரன் பேத்தி எடுக்கிற வயதில் பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு, தட்டில் இருந்த அவரேகாளு உப்பிட்டு என்கிற அவரைப் பருப்பு உப்புமாவைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். உப்பிட்டு அகப்பட்டால் அவரைப் பருப்பு அகப்படவில்லை. பருப்பு அகப்பட்டால் வாய்க்குப் போகிற வழியில் மடியில் விழுந்தது. ஜப்பானில் போய்க் கையால் அள்ளித் தின்று மைசூர்க்காரர்களின் மானத்தை வாங்கக் கூடாது என்று சொர்ணலதா டீச்சர் போட்ட உத்தரவு இது. தொண்ணூற்றேழாம் வருஷத்து ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூரில் அவர்கள் வழக்கமாகக் கூடுகிற மாடியறை. ஏப்ரல் முதல் வாரம் அங்கே செர்ரி மரங்கள் பூக்கிற சமயமாகப் பார்த்துப் போய் இறங்குவதாகத் திட்டம்.

சித்தையன் மட்டும் எதையும் துரத்தவில்லை. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. பாஸ்போர்ட் ஆபீஸிலிருந்து முந்தின நாள் வந்தது. அவருடைய சொந்த ஊர் போலீஸ் கொடுத்த அறிக்கை பாதகமாக இருப்பதால் பாஸ்போர்ட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், ஒரு மாதத்துக்குள் விளக்கம் தர வேண்டுமாம். நான்கு வரிதான். அந்த நான்கு வரியை அவர் நாற்பது தடவை படித்திருப்பார்.

இந்தக் கூட்டத்துக்குப் பெயர், விலாசம், ரசீது புத்தகம் எதுவும் கிடையாது. ஊர் சுற்றுகிற பைத்தியம் பிடித்தவர்கள் ஒன்று சேர்ந்தது, அவ்வளவுதான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணராஜ் தலைவர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற சொர்ணலதா காரியதரிசி. டயர் ஃபாக்டரியில் ஃபிட்டராக இருக்கிற சித்தையன் வழி பார்க்கிறவர். எந்தப் பஸ் எங்கே நிற்கும், எந்த ரயிலை விட்டால் எந்த ரயில் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பாதாமிக்கும் காசிக்கும் காட்மாண்டுவுக்கும் அவரை நம்பித்தான் போய் வந்தார்கள். ஜப்பான் ரயில்களின் கால அட்டவணையை யாரிடமோ கேட்டு வாங்கி நகல் எடுத்து, ஆறு மாதமாக இரவு பகலாக மனப்பாடம் செய்திருந்தார். நொடி தவறாமல் ரயில் வருகிற ஒரு தேசம் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம்.

உப்பிட்டுப் போர் முடிந்ததும் கிருஷ்ணராஜ் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டார். மேஜைமேல் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒன்பது. கிருஷ்ணராஜ் சித்தையனைப் பார்த்தார்.

"இன்னும் வரலை சார்," என்றார் சித்தையன். "வந்துரும்."

பொய் சொன்னதில் காது சூடாகியது. வந்துவிடும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் கிருஷ்ணராஜ் தேதியைச் சொல்லிவிட்டார். மார்ச் ஐந்தாம் தேதி டிராவல்ஸ்காரன் எல்லாப் பாஸ்போர்ட்டையும் ஒரே கட்டாகக் கட்டி விசாவுக்குச் சென்னைக்கு எடுத்துப் போகிறான். பத்துப் பேர் இருந்தால்தான் கூட்டமாகப் போகிற சலுகை டிக்கெட். ஒருவர் குறைந்தால் யாருக்கும் கிடையாது, பாதிப் பேர் வீட்டிலேயே உட்கார வேண்டியதுதான். சொர்ணலதா தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். ஓய்வு பெற்ற லெக்சரர் ஒருவர் பாஸ்போர்ட்டோடு தயாராக இருக்கிறார், யாருக்காவது முடியாது என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிய வேண்டும். சித்தையனைப் பார்த்துச் சொல்லவில்லை.

"டென்ஷன் மாட்கோபேடி சித்தையன், கவலைப்படாதீங்க, எல்லாம் ஆகும்," என்று படியிறங்கும்போது கிருஷ்ணராஜ் தோளில் தட்டினார். அந்த மனுஷரிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வீட்டில் பசம்மா கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. புருஷன் முகத்தைப் படிக்கத் தெரியும்.

"ஏனுங்க, இருவது வருசமா மைசூர்ல இருக்கறோம். போலீசு எதுக்கு கௌதள்ளிக்குப் போச்சு?"

போனதற்குக் காரணம் சித்தையனேதான். பாஸ்போர்ட் பாரத்தில் நிரந்தர விலாசம் என்று ஒரு கட்டம் இருந்தது. வாடகை வீட்டை யாராவது நிரந்தரம் என்று எழுதுவார்களா? சொந்த ஊர் என்று ஒன்று இருக்கும்போது? கௌதள்ளி, கொள்ளேகால் தாலுகா என்று முத்து முத்தாக எழுதி, எழுதியதை ஒரு தரம் ரசித்தும் பார்த்தார். ஜப்பான்காரன் கையில் போகிற புத்தகத்தில் கௌதள்ளி இருக்கட்டுமே என்ற பெருமை. அந்தப் பெருமைதான் போலீஸைக் கையைப் பிடித்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனது.

ஊரில் போலீஸுக்கு என்ன தெரியும் என்று பசம்மா கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால், பாலாறு காட்டுப் பக்கம் நிலைமை மோசமாக இருந்த நாட்களில், காட்டுக்குள் இருக்கிற கடத்தல் கூட்டத்துக்கு ராகி கொடுத்தாய் என்று சித்தையனின் அண்ணன் லிங்கப்பனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள். பிறகு ஆள் மாறிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை, காகிதம் இல்லை. வந்த மனுஷர் அந்தப் பதினொரு நாளைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார், அவ்வளவுதான். சித்தையனும் மைசூரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அண்ணனுக்கு டைபாய்டு என்று ஃபாக்டரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது அந்தப் பதினொரு நாள் எங்கோ ஒரு காகிதத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அண்ணன் பெயர் கெட்டது, தம்பி பெயரும் கெட்டது. இனி கிருஷ்ணராஜ் முகத்தில் எப்படி முழிப்பது?

"இங்க உக்காந்துட்டு முழுங்கி முழுங்கி என்ன ஆகப்போகுது," என்றாள் பசம்மா. "போயி லிங்கப்ப மாமாவையே கேளுங்க. யாரு வந்தாங்க, என்ன கேட்டாங்கன்னு."

மறுநாள் காலை மாதேஸ்வரன் மலை பஸ்ஸில் ஏறினார். கொள்ளேகாலில் டீ குடிக்கவில்லை. ஹனூரில் பஸ் அரை மணி நேரம் நின்றபோது இறங்கவும் இல்லை. அண்ணனிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதே யோசனை. ஆறிப்போன புண்ணை நாமே போய்க் கிளறுவதா, அதுவும் ஜப்பானில் பூப் பார்ப்பதற்காகவா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில் கண்டக்டர் கௌதள்ளி என்று கூவிவிட்டான்.

லிங்கப்பன் களத்தில் ராகிப் போர் போட்டுக்கொண்டிருந்தார். தம்பியைக் கண்டதும் முகம் மலர்ந்தது, அடுத்த நொடியே ரோட்டை ஒரு பார்வை பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் பக்கத்தில் வந்தார்.

"நீ எதுக்குடா இப்ப வந்தே?" என்றார் குரலைத் தாழ்த்தி. "ஒரு மாசம் இந்தப் பக்கமே வராதேன்னு சொல்லி உடலாம்னு இருந்தேன்."

என்ன ஆயிற்று என்று சித்தையன் கேட்டார். அண்ணன் அவரைப் போருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னார். மார்கழி மாதம் ஒரு நாள் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்களாம். கையில் காகிதம். சித்தையன் என்று பெயரைச் சொல்லி, அப்பா பெயரையும் சொல்லி, இந்த ஊர்தானா, எங்கே இருக்கிறான் என்று கேட்டார்களாம்.

"நானு உடுவனா? அப்படி ஒருத்தன் இந்த ஊர்லயே இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேன். என்ற மொகத்தையே பாத்தாங்க. நானு அசையல. அப்பறம் கடைக்காரனைக் கேட்டாங்க, அவனும் இல்லைன்னுட்டான். பஸ் ஸ்டாப்புல இருந்தவங்க, வாத்தியாரு, உன்ற அண்ணி, ஒருத்தர் பாக்கியில்ல. ஊரே ஒரே பேச்சு. வந்த வழியே போயிட்டாங்க." நான்கு வருஷமாகத் தலை நிமிராத மனுஷர் அதைச் சொல்லும்போது நிமிர்ந்து நின்றார். "நீ என்னடா பண்ணினே? எதுவா இருந்தாலுஞ் செரி, நானு இருக்கறேன்."

சித்தையன் ராகித் தாள்மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. பாதகமான அறிக்கை என்றால் இதுதான். பதினொரு நாள் எந்தக் காகிதத்திலும் இல்லை. சித்தையன் என்கிற ஆளே கௌதள்ளியில் இல்லை என்பதுதான் இருந்தது. மைசூரில் இரண்டு நாளாக அண்ணனால் தனக்குக் கெட்ட பெயர் என்று நினைத்து நினைத்துப் புழுங்கியிருக்கிறார். இங்கே அண்ணன் அவருக்காகப் போலீஸ்காரன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

மெதுவாக விஷயத்தை எடுத்துச் சொன்னார். நான் ஒன்றும் செய்யவில்லை அண்ணா, வெளிநாடு போக ஒரு புத்தகம் தருவார்கள், அதற்காகத்தான் விசாரித்துப் போக வந்தார்கள். இந்த ஊர்தான், நல்ல ஆள்தான் என்று சொல்லியிருந்தால் போதும். லிங்கப்பனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"அப்ப நாந்தான் கெடுத்தனா?"

இல்லை என்றார் சித்தையன். வீட்டுக்குப் போனதும் அண்ணி தேவம்மா சோறு போட்டுக்கொண்டே, ஸ்டேஷனுக்குப் போய்த் தம்பிதான் என்று இவரே சொன்னால் சரியாகிவிடாதா என்று கேட்டாள். சோறு பிசைந்துகொண்டிருந்த லிங்கப்பனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. சாப்பிடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. சித்தையன் அந்தக் கையைப் பார்த்தார், அந்தக் கணமே முடிவு செய்துவிட்டார்.

"வேண்டாம் அண்ணி. ஜப்பான் எங்கயும் ஓடிப்போகாது. எனக்குப் பதிலா வர ஒருத்தர் தயாரா இருக்கறாரு."

சொல்லிவிட்டாரே தவிர, பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது நெஞ்சு கனத்தது. மனப்பாடம் செய்த ரயில்களெல்லாம் அவரை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. லெக்சரருக்கு அட்டவணை படிக்கத் தெரியுமோ என்னவோ. அதையாவது உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் லிங்கப்பன் வந்து பக்கத்தில் நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கல்யாணம் காட்சிக்குப் போடுகிற சட்டை. தலை வாரியிருந்தார். தம்பியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, ஸ்டேஷன் பக்கம் நிற்கிற பஸ்தானே இப்போது வருவது என்று கேட்டார். வேண்டாம் என்று சித்தையன் இரண்டு தடவை சொன்னார். அவர் காதில் வாங்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் லிங்கப்பன் செருப்பைக் கழற்றினார். அங்கே யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே போகிறபோது தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், பிடி வலித்தது. எழுத்து வேலை பார்க்கிற போலீஸ்காரர் ஒருவர் மேஜையில் இருந்தார். விஷயத்தைக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டு, கோப்பைத் தேடி எடுத்து, லிங்கப்பனை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கு இப்படி ஒரு ஆளே இல்லை என்று சொன்னது நீதானே என்றார்.

லிங்கப்பன் கன்னடத்தில்தான் ஆரம்பித்தார். இரண்டு வார்த்தைக்கு மேல் போகவில்லை. பிறகு தமிழில் வந்தது.

"இவன் என்ற தம்பிங்க. ஒரே வயித்துல பொறந்தவன். இந்த ஊருதாங்க. அன்னைக்கு நாஞ் சொன்னதுதான் பொய்யிங்க."

ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்டார்.

"பேரைக் கேட்டு வந்தா ஆளைக் கூட்டிட்டுப் போவீங்கன்னு பயமுங்க. என்னையக் கூட்டிட்டுப் போன மாதிரி."

போலீஸ்காரர் கோப்பை மூடி ஓரமாக வைத்தார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். பிறகு பெஞ்சைக் காட்டி லிங்கப்பனை உட்காரச் சொன்னார், ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மறு விசாரணை என்று எழுதி அனுப்புகிறேன், எப்போது ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். லிங்கப்பன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஆறே எழுத்துப் பெயரை எழுதி முடிக்க அவருக்கு அத்தனை நேரம் பிடித்தது. வெளியே வந்ததும் சுவரோரமாகப் போய் வாந்தி எடுத்தார். சித்தையன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சித்தையன் எல்லாவற்றையும் சொன்னார். பதினொரு நாளையும் சொன்னார். ஒரு மாதமோ இரண்டு மாதமோ தெரியாது, லெக்சரரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்தார். கிருஷ்ணராஜ் சொர்ணலதாவைப் பார்த்தார். சொர்ணலதா லெக்சரரின் பெயர் எழுதியிருந்த துண்டுச் சீட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஐந்தாம் தேதி வரைக்கும் பார்ப்போம் என்றார்.

பார்த்தார்கள். பிப்ரவரி முழுக்கப் பத்துப் பேரும் பார்த்தார்கள். தபால்காரன் வருகிற நேரத்துக்குப் பசம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நின்றாள். சித்தையன் ஃபாக்டரியில் ஒரே நட்டை இரண்டு தடவை முடுக்கினார். தன்னால் ஒன்பது பேர் பயணமும் போச்சு என்கிற பயம் முன்பு இருந்த பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. மார்ச் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பதிவுத் தபால் வந்தது.

அன்று சாயங்காலமே மாடியறையில் விசா பாரம் நிரப்பினார்கள். கிருஷ்ணராஜ் பத்துப் பாஸ்போர்ட்டையும் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார், திருப்தி வராமல் இன்னொன்றும் போட்டார். பாரத்தில் கடைசிக் கட்டம், அவசரமானால் இந்தியாவில் யாரைக் கேட்க வேண்டும் என்பது. எல்லோரும் மைசூர் விலாசத்தை எழுதினார்கள். சொர்ணலதா டீச்சர் ஒவ்வொரு பாரமாகச் சரிபார்த்துக்கொண்டு வந்து, சித்தையன் எழுதியதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். லிங்கப்பன், அண்ணன், கௌதள்ளி, கொள்ளேகால் தாலுகா.

"சித்தையன், மறுபடியும் கௌதள்ளியா? பட்டது போதலையா உங்களுக்கு?"

"இருக்கட்டும் டீச்சர்," என்றார் சித்தையன். "இனிமே யார் வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்ல மாட்டாரு."