கத்தார்க்காரனுக்குத் திருப்பூரில் வேலை

ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த தபித்தாள், கதவு தட்டும் சத்தம் கேட்டதும் முறத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் எழுந்தாள். காந்தல் பகுதியில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து வெட்டுகிறார்களாம். அவள் வீட்டுக் கார்டில் மூன்று பேர்: அவள், டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணவர் தனசிங், கத்தாரில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் மகன் ஸ்டெபின். கத்தார்க்காரனுக்கான அரிசியும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

வாசலில் நின்றவர் அங்கன்வாடி டீச்சர் தேவி. இருக்கிற வேலை போதாதென்று அந்தப் பகுதியின் தேர்தல் வேலையும் அவர் தலையில்தான்.

"ஏனுங்க்கா, உங்க பையன் வெளிநாட்டுல இருந்து ஓட்டுக்குப் பேர் சேக்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்காருங்க. கத்தார்லதானுங்களே இருக்காரு?"

வெளிநாடு என்ற சொல் விழுந்த பிறகு தபித்தாளின் காதில் வேறு எதுவும் விழவில்லை.

"கத்தாரா? அதெல்லாம் பழைய கதைங்க டீச்சர். எப்பவோ வந்துட்டான். திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான்."

"நெசமாவா? அப்படின்னா இதைத் தள்ளுபடி பண்ணித்தான் ஆகோணும். உள்ளூர் ஆளா புதுசா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

"சொல்லிடறனுங்க," என்றாள். டீச்சரைச் சீக்கிரம் அனுப்பி வைப்பதிலேயே அவள் குறியாக இருந்தாள்.

உள்ளே உட்கார்ந்திருந்த தனசிங் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். ஞாயிறு தவறாமல் சபையில் எழுந்து, "கத்தார்ல இருக்கற எம்மகனுக்கு லீவு கிடைக்க ஜெபம் பண்ணுங்க" என்று கேட்கிற தபித்தாளின் அதே வாய்தான் இதையும் சொன்னது. ஊரில் இருக்கிறான் என்றால் ஓட்டும் சுலபமாகக் கிடைக்கும், அரிசியும் நிற்காது என்பது தபித்தாளின் கணக்கு. என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

ஸ்டெபின் ஓட்டுப் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு முன்பே விமானம் ஏறியவன். வாழ்நாளில் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. அவனோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் லெஸ்லி, கத்தாரில் இருந்தபடியே தன் நாட்டுக்கு ஓட்டுப் போட்டுவிட்டுப் பெருமை பேசுவார். நமக்கும் அப்படி இருக்கும் என்று நம்பி, பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போனபோது ஸ்டெபின் விசாரித்தான். அங்கே ஓட்டுப் போட வழியில்லை என்றார் கவுண்டரில் இருந்தவர். பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் பெயர் சேர்க்க ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டோடு ஊருக்கே நேரில் போக வேண்டும்.

ஒரு பொத்தானை அமுக்கக் கடல் தாண்ட வேண்டுமா என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. நியாயமான எரிச்சல்தான். ஆனாலும் விடவில்லை. விண்ணப்பித்தான், சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினான், வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டான்.

"அம்மா, விசாரிக்க வந்தாங்களா?"

"வந்தாங்க கண்ணு. நல்லபடியாப் பேசி அனுப்பிட்டேன்."

விண்ணப்பம் தள்ளுபடியான தகவல், அதில் அவன் கொடுத்திருந்த அம்மாவின் செல்போன் நம்பருக்குத்தான் குறுஞ்செய்தியாக வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் லோன் கம்பெனி விளம்பரம் என்று தபித்தாள் அதை அழித்துவிட்டாள்.

தேர்தலன்று காலை, லீவில் வந்திருந்த ஸ்டெபினையும் சேர்த்து மூவரும் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்கு ஒன்றாகப் போனார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் விரலில் மை வைத்தார்கள். ஸ்டெபினின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்த அதிகாரி, பட்டியலை இரண்டு தடவை தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க பேர் இல்லைங்க தம்பி."

"நல்லாப் பாருங்க சார். இதுக்காகவே ஃபிளைட் ஏறி வந்திருக்கேன்!"

"இல்லாத பேரை எங்கிருந்து கொண்டாரது? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, நகருங்க."

ஸ்டெபினுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வெளியே வந்து, உதவி மேசையில் உட்கார்ந்திருந்த தேவி டீச்சர் முன்னால் கத்தினான்.

"இந்த நாடு உருப்படவே உருப்படாதுங்க! ஒருத்தனுக்காச்சும் பொறுப்பிருக்கா?"

காலையிலிருந்து இப்படி ஆளாளுக்குத் திட்டியதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்த டீச்சர், பெயரைக் கேட்டார். கேட்டதும் தபித்தாளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க்கா, இந்தத் தம்பிதான் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறவருங்களா?"

தபித்தாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"திருப்பூரா? என்னம்மா சொல்றாங்க?"

"ரேஷன்ல உம்பேரை வெட்டிருவாங்கன்னு பயந்துட்டேன் கண்ணு. இப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?"

ஸ்டெபினுக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் முட்டியது.

"அத்தனை தூரத்துல இருக்கற தூதரகத்துல, பாஸ்போர்ட்டைப் பாத்து என்னை இந்த ஊர்க்காரன்னு ஒத்துக்கிட்டாங்கம்மா. நம்ம ஊட்டுலதான் நான் இல்லாத ஊருக்கு என்னை அனுப்பி வெச்சுட்டீங்க. அப்பா, நீங்களாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

தனசிங்குக்குக் கூட்டி வைத்துக்கொள்ள அங்கே டிவி இல்லை.

"கேட்டுட்டுத்தாண்டா இருந்தேன். எனக்கும் அந்த அரிசி வேண்டியிருந்துச்சு," என்றார்.

தபித்தாள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், எம்மகன் கத்தார்லதான் இருக்கான். இப்பவே எழுதிக்குங்க. ரேஷன்லயும் பேரை எடுத்துரச் சொல்றேன். அவனை உள்ள விடுங்க டீச்சர்!"

"இன்னிக்கு எழுதி என்னங்க்கா பண்றது? பட்டியல் எப்பவோ முடிஞ்சுபோச்சு. அடுத்த தேர்தலுக்குத்தான்." டீச்சரின் குரலில் சலிப்பு அப்பட்டமாகவே இருந்தது. "வந்து கேக்கறவங்ககிட்டப் பொய்யச் சொல்லிப்போட்டு, அப்புறம் பட்டியல் தப்புன்னு எங்களைத் திட்டறீங்க. நீங்க சொன்னதைத்தானுங்க நாங்க எழுதறோம்."

வரிசையில் நின்றவர்கள் பக்கம் ஸ்டெபின் திரும்பவில்லை. பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தான். தபித்தாள் மைவைத்த விரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படியாகவே அழுதாள்.

"ஆண்டவர் அவனுக்கு லீவு குடுத்தாரு. ஓட்டைப் பறிச்சது கவர்மெண்டு இல்ல, நான்தான். நாம பொய்யச் சொல்லி எழுத வெச்சுப்போட்டு, நாடு மட்டும் ஒழுங்கா இருக்கோணும்னா எப்படிங்க இருக்கும்?"